சக்கரத்தில் ரப்பர் பூச்சு: அடிப்பதும் உரிப்பதும்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில், டவுன் ஹால் தொடங்கி மினர்வா சர்க்கிள் வரைக்கும் உள்ள கார் கடைகளில் ‘அலாய் வீலைக் கருப்பாக்க வேண்டும்’ என்று கேட்டால் மூன்று வழி சொல்வார்கள். ஒன்று, சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட். இரண்டாவது, பவுடர் கோட்டிங். வீலைக் கழற்றி, டயரையும் எடுத்துவிட்டு, பழைய பூச்சை முழுக்கச் சுரண்டி, பொடியைத் தூவி, 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்துப் பிடிக்கவைப்பது. மூன்றாவது, ஸ்ப்ரே கேனில் வரும் ரப்பர் பூச்சு. வேண்டாம் என்று தோன்றும் நாளில் நகத்தாலேயே உரித்துவிடலாம், கம்பெனி ஃபினிஷ் அப்படியே அடியில் இருக்கும் என்பதுதான் இதன் விசேஷம்.

மூன்றாவது வழியில் போனவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கிறேன். ஒரு கட்சிக்கு முழுப் பூச்சும் ஒரே உரியலாக வந்துவிட்டது. மற்றவர்கள் அரிசி அரிசியாகச் சுரண்டிச் சுரண்டி விரல் நொந்து, இது ஏமாற்று வேலை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு தரப்பும் வாங்கியது பெரும்பாலும் ஒரே பொருள்தான். பூச்சு உரியுமா, உரியாதா என்பது அடிக்கிற நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இந்த வகையில் அதிகம் பேர் அறிந்தது பிளாஸ்டி டிப். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலிருந்து 1972-இல் வந்த பொருள். அப்போது காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டிங் பிளையர், ஸ்பேனர் போன்றவற்றின் கைப்பிடியை டப்பாவில் முக்கி எடுத்தால் வழுக்காத ரப்பர் உறை கிடைக்கும். அதற்காகத்தான் அது விற்றது. பின்னால் ஸ்ப்ரே கேனிலும் வந்தது. 2010-களில் கார்ப் பிரியர்கள் அதைச் சக்கரத்தில் அடித்துப் பார்த்துப் பிரபலமாக்கினார்கள். ஜெர்மனியின் ஃபோலியாடெக் உட்பட வேறு சில பிராண்டுகளும் இதே வகைப் பூச்சை விற்கின்றன. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

கேனுக்குள் இருப்பது கரைப்பானில் கரைத்த செயற்கை ரப்பர், கொஞ்சம் நிறமி, இவற்றை வெளியே தள்ளுவதற்கு எரியக்கூடிய வாயு. ஸ்ப்ரே செய்ததும் கரைப்பான் ஆவியாகிவிடும். ரப்பர் மட்டும் படலமாகத் தங்கும். பாடி ஷாப்பில் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பெயிண்ட் வேதிவினை நடந்து இறுகுகிறது. அது இறுகிய பிறகு பெட்ரோலை ஊற்றித் துடைத்தாலும் கரையாது. ரப்பர் பூச்சு அப்படி இறுகுவதில்லை, வெறுமனே உலர்கிறது. இதன் நல்ல குணமும் கெட்ட குணமும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகின்றன. உலர்ந்த படலத்தின் மேல் புதிதாக அடித்தால் புதிய கரைப்பான் பழைய படலத்தின் மேல்புறத்தை இளக்கும், இரண்டும் ஒன்றாகிவிடும். ஐந்து கோட் அடித்தால் ஐந்து அடுக்காக நிற்காமல் ஒரே தோலாகிறது. கெட்டது என்னவென்றால், பெட்ரோல் பட்டால் உலர்ந்த பிறகும் இளகும், கரையும்.

சரி, உரிவது எப்படி? பள்ளியில் உள்ளங்கையில் ஃபெவிகால் தடவி, காய்ந்ததும் உரித்து விளையாடாதவர்கள் நம்மில் குறைவு. மெல்லிசாகத் தடவினால் துணுக்குத் துணுக்காகத்தான் வரும். கொஞ்சம் தாராளமாக விட்டால் கைரேகை பதிந்தபடி ஒரே தோலாக வரும். இங்கேயும் அதே கணக்கு. படலம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பலம், அது மெல்லிசாக இருந்தாலும் தடிமனாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கிழியாமல் தாங்கும் பலம் தடிமன் கூடக் கூட ஏறும். இழுக்கும்போது கிழியும் பலம் பிடிப்பைவிட அதிகமாக இருந்தால் பூச்சு முழுசாக வரும். குறைவாக இருந்தால் அங்கேயே அறுந்துவிடும். கடையில் ‘ரெண்டு கோட் போதும் சார், கருப்பாயிடும்’ என்று சொன்னால் அது நிறத்தைப் பொறுத்தவரை உண்மை. உரிப்பதற்கு அது போதாது. நான்கைந்து கோட்டாவது வேண்டும். என்னைக் கேட்டால் ஆறு அடியுங்கள் என்பேன். 311 கிராம் கேன் ஒன்று, நம் ஊர்க் கார்களின் 15, 16 அங்குலச் சக்கரம் ஒன்றுக்குச் சரியாக இருக்கும். நான்கு சக்கரத்தையும் இரண்டு கேனில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், உரிக்கும் நாளில் தொல்லைப்படப் போவது நீங்கள்.

தடிமன் எங்கே குறைகிறது என்பதுதான் அடுத்த விஷயம். சக்கரத்தின் முகப்பில் எல்லாரும் நன்றாகவே அடிக்கிறார்கள். ஸ்போக்கின் (நடுவிலிருந்து ஓரம்வரை நீளும் கையின்) பக்கவாட்டு, அதன் பின்விளிம்பு, நட் குழிகளைச் சுற்றிய வளைவு, வால்வுக்குப் பின்புறம், உள்ளே டிரம் மாதிரி இருக்கும் பகுதி ஆகியவற்றில் ஸ்ப்ரேயின் ஓரம்தான் போய் விழும். அங்கே படலம் மெலிந்து மெலிந்து கடைசியில் வெறும் தூசியாக முடிகிறது. பிடித்து இழுப்பதற்கு விளிம்பே இருக்காது. பெங்களூரு அல்சூரில் நண்பர் ஒருவரின் காரில் உரித்தபோது இதை நன்றாகப் பார்த்தேன். வெளிமுகம் ஒரே இழுப்பில் கையோடு வந்தது. ஸ்போக்கின் பக்கச் சுவருக்குப் போனதும் படலம் புகை படிந்த கண்ணாடிபோல் மெலிந்து, விரல் நுனியில் சுருண்டு சுருண்டு உதிர்ந்தது. முகப்புக்கு ஆனதைவிடப் பக்கச் சுவர்களைச் சுத்தம் செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. அதனால் ஒவ்வொரு கோட்டிலும் முதலில் ஸ்போக்கின் பக்கங்களை அடித்துவிட்டு, அப்புறம் முகப்புக்கு வருவது நல்லது. முகப்பை அடித்தே தீருவோம், பக்கம்தான் விட்டுப்போகும்.

அடிப்பதற்கு முன்னால் செய்கிற வேலை, அடிப்பதைவிடப் பெரிய வேலை. சக்கரத்தில் மூன்று வகை அழுக்கு இருக்கிறது. சாலை மண் சோப்புத் தண்ணீருக்குப் போய்விடும். பிரேக் தூள் அப்படிப் போகாது. பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசி வரும் இரும்புத் துகள்கள் சூடாக வந்து ஒட்டி, அங்கேயே துருப்பிடித்து, சக்கரத்தின் மேல் உள்ள நிறமில்லாத லேக்கர் பூச்சுக்குள் பதிந்துவிடும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்பதால் முன்சக்கரங்களில்தான் இது அதிகம். இதற்கென்றே விற்கும் அயர்ன் ரிமூவரை அடித்தால் துகள்களோடு வினைபுரிந்து ஊதா நிறமாக வழியும். ஊதா வருவது நின்றால் இரும்பு போய்விட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. அது டயர் பாலிஷ். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் டயர் பளபளக்கத் தடவி விடுவார்கள், இல்லையா? அதில் சிலிக்கான் இருக்கும். டயர் சுழலும்போது சிதறி ரிம்மின் மேல் படியும். அதன் மேல் எந்தப் பூச்சை அடித்தாலும் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். ரப்பர் பூச்சு அங்கே பிடிக்காமல் சில வாரத்தில் கொப்புளிக்கும். சோப்பு இதற்குப் போதாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பூச்சு அடிப்பதென்று முடிவுசெய்துவிட்டால், அதற்கு முந்தைய சர்வீஸிலேயே ‘டயர் பாலிஷ் போடாதீங்க’ என்று சொல்லிவிடுவது பாதி வேலையைக் குறைக்கும்.

கழுவுகிற தண்ணீரையும் கவனிக்க வேண்டிய ஊர் இது. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரில் வண்டி கழுவத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். குழாயில் குடிநீராக வரும் காவிரித் தண்ணீரை விட்டுவிட்டால் கையில் இருப்பது போர்வெல் தண்ணீர். அது உப்புத் தண்ணீர். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் புள்ளிகளின் மேலேயே ஸ்ப்ரே செய்தால் படலத்துக்கு அடியில் சொரசொரப்பாகத் தெரியும். கடைசியாக ஒரு பாட்டில் ஆர்.ஓ. தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டால் போதும், குடம் குடமாக ஊற்ற வேண்டியதில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, லேக்கர் எங்கேயாவது விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அலாய் வீல் என்பது வார்ப்பு அலுமினியம்; அதன் மேல் பெயிண்டும், அதற்கும் மேல் நிறமில்லாத லேக்கரும் இருக்கும். இப்போது புதிதாக வரும் டைமண்ட் கட் வீல்களில் பளபளக்கும் முகப்பு, கடைந்தெடுத்த வெறும் அலுமினியம்தான். அதைக் காப்பது லேக்கர் மட்டுமே. பிளாட்பாரத்தில் உரசி ஓரிடத்தில் லேக்கர் போய்விட்டால் அதன் வழியாக ஈரம் உள்ளே நுழையும். புழு ஊர்ந்த தடம்போல் வெள்ளைக் கோடுகள் படரும். ‘இதை மறைக்கத்தானே கருப்பு அடிக்கிறோம்’ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த நினைப்பு தவறு. படலத்தின் விளிம்பில் புகுந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அலுமினியத்தோடு ஒட்டியே கிடக்கும், அரிப்பு உள்ளேயே வளரும். இன்னொரு சங்கடம், படலத்தை உரிக்கும்போது ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருக்கும் லேக்கரும் அதோடு சேர்ந்து வந்துவிடும். வெளியில் மலிவாக மறுபெயிண்ட் அடித்த ரிம்மிலும் இதே ஆபத்து உண்டு. லேக்கர் திடமாக இருக்கும் சக்கரத்துக்கு இந்தப் பூச்சு நல்லது. அடிபட்ட சக்கரத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பவுடர் கோட்டிங்கோ, நல்ல கடையில் ரிப்பேரோதான் வழி. பவுடர் கோட்டிங்கிலும் அடுப்புச் சூட்டை அளவோடு வைக்கத் தெரிந்த கடையாகப் பார்க்க வேண்டும். இந்த வார்ப்புகள் சூட்டுப் பதம் கொடுத்து உறுதி ஏற்றப்பட்டவை. சூடு மிஞ்சினால் அந்த உறுதி குறையும்.

காலநிலைக்கு வருவோம். ஆயுத பூஜை நெருங்கும்போதுதான் இந்த ஊரில் வண்டியை அழகுபடுத்தும் வேகம் எல்லாருக்கும் வரும். ஆனால் பெங்களூரில் அதிக மழை கொட்டும் மாதம் செப்டம்பர். அக்டோபரிலும் மாலை மழை விடாது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது கரைப்பான் வேகமாக ஆவியானால் மேற்பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் பனியாகப் படியும். மேட் பிளாக் அடித்தது வெளிறிச் சாம்பல் பூத்தாற்போல் நிற்பது இதனால்தான். பலர் இதைக் கேனின் குறை என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் இதற்கு உகந்த காலம் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. காற்று உலர்ந்திருக்கும், வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது. ஏப்ரல் நடுப்பகலில் நேர் வெயிலில் அடித்தால் வேறு வம்பு. துளிகள் சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்து, ஒட்டடைபோல் நூல் நூலாகப் போய் ஒட்டும். ஜூலைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்து வண்டிக்கும் சேர்த்து அடித்துவிடுவோம்.

இடமும் முக்கியம். அபார்ட்மெண்டின் பேஸ்மெண்ட் பார்க்கிங் நிழலாக இருக்கிறது, காற்று இல்லை, அங்கேயே அடித்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அங்கே அடிக்காதீர்கள். இந்தக் கரைப்பான்களின் ஆவி காற்றைவிட கனமானது. பேஸ்மெண்டின் தரையோடு தேங்கி நிற்கும். ஒரு சுவிட்சின் பொறி போதும், தீப்பிடிக்கும். டொலுவீன், ஹெக்சேன் வகைக் கரைப்பான்கள் நரம்பைப் பாதிக்கக் கூடியவை. கோவிட் காலத்து என்-95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். மொட்டை மாடியின் நிழல்பக்கமோ, வீட்டு முன்வாசலோ இருந்தால் அங்கே அடியுங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு.

சக்கரத்தைக் கழற்றி அடிப்பதா, வண்டியில் வைத்தே அடிப்பதா? வைத்தே அடிக்கலாம், கடைகளில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஸ்போக்கின் பக்கச் சுவர் சரியாகக் கிடைக்காது. பிரேக் டிஸ்க்கிலும், பேடை அதில் அழுத்தும் காலிப்பரிலும் ரப்பர் படியாமல் மறைக்க வேண்டிய வேலையும் சேரும். கழற்றுவதே மேல். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியில் ஏற்றிய வண்டிக்கு ஸ்டாண்டும் கொடுத்து, ஒரு நேரத்துக்கு ஒரு சக்கரம். அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிவிட்டால் வண்டி ஜாக்கியிலேயே நிற்க வேண்டியதில்லை.

டயரை மறைக்க மிக நல்ல சாதனம் பழைய சீட்டுக்கட்டு. டயரின் உதட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒவ்வொரு சீட்டாகச் செருகிக்கொண்டே போனால் முழு வட்டமும் மறைந்துவிடும். வால்வில் மாஸ்கிங் டேப்.

கேனை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்க வேண்டும். ஒரு சாண் இடைவெளிக்குச் சற்றுக் குறைவாக வைத்து, கையை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே அடியுங்கள். முதல் கோட் பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் தூறல் விழுந்தாற்போல் இருந்தால் போதும். அதற்கு மேல் வருவது பிடித்து நிற்க அதுதான் அடித்தளம். முதல் கோட்டிலேயே கருப்பாக்கிவிட வேண்டும் என்று கிட்டே வைத்து அடித்தால் வழியும். அடுத்தடுத்த கோட்டுகள் ஈரம் பளபளக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஈரமாக விழுந்தால்தான் பரவிச் சமமாகும். தூரத்திலிருந்து உலர்வாக அடித்தது தொட்டால் மணல்காகிதம்போல் இருக்கும், அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உரிக்கும்போதும் பலமில்லாமல் நொறுங்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே கேனில் போட்டிருப்பது 30 நிமிடம். அவசரக்காரர்கள் பத்து நிமிடத்தில் அடுத்ததை அடிப்பதுண்டு. அடியில் கரைப்பான் சிக்கிக்கொண்டு குமிழி வரும், நாள்கணக்கில் பிசுபிசுக்கும்.

கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பையும் சீட்டையும் எடுத்துவிட வேண்டும். பெயிண்ட் வேலை தெரிந்தவர்களுக்கு இது விநோதமாகப் படலாம். காய விட்டால் சக்கரத்தில் உள்ள படலமும் டேப்பின் மேல் உள்ள படலமும் ஒரே தோலாகிவிடும். டேப்பை இழுக்கும்போது சக்கரத்தில் இருப்பதும் கூடவே எழுந்து வரும். டயரில் தெறித்ததைப் பற்றிக் கவலை வேண்டாம், மறுநாள் விரலால் தேய்த்தாலே போய்விடும். நான்கு மணி நேரத்தில் காய்ந்தாற்போல் இருக்கும். ஆனாலும் ஒரு இரவு விட்டு, மறுநாள் மாட்டுவதே நல்லது.

இப்போது, எங்கே அடிக்கக் கூடாது என்பது. அழகைவிட இது முக்கியம். சக்கரத்தின் பின்பக்கம், வண்டியில் சக்கரம் மாட்டும் ஹப்போடு பொருந்தும் தட்டையான முகம், நட் உட்காரும் கூம்புக் குழி, இந்த இரண்டிலும் ரப்பர் படவே கூடாது. நட்டை இறுக்கும்போது இரும்பும் அலுமினியமும் நேராக அழுந்த வேண்டும். நடுவில் ரப்பர் இருந்தால் ஸ்பேனருக்கு இறுகியதுபோல் தெரியும்; ஓட ஓட ரப்பர் நசுங்கி நட் தளரும். குழிகளில் பஞ்சு உருண்டையோ பழைய நட்டோ வைத்து அடைத்துவிட்டு அடியுங்கள். மாட்டிய பின் கையேட்டில் போட்டிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டயரைக் கழற்றிய ரிம்மில் அடிப்பதாக இருந்தால் டயரின் உதடு உட்காரும் பள்ளத்திலும் படக் கூடாது. ட்யூப்லெஸ் டயருக்குக் காற்று நிற்பதே அந்த இடத்தில்தான்.

சக்கரம் நடுங்காமல் சுழல்வதற்காக ஒட்டும் பேலன்சிங் வெயிட் விஷயத்தை டயர் கடைக்காரர்கள்தான் நன்றாக அறிவார்கள். அலாய் வீலின் உட்பக்கத்தில் சின்னச் சின்ன ஈயமோ இரும்போ பசையால் ஒட்டுவார்கள். ‘அண்ணே, ரப்பர் மேல ஒட்டினா வெயிட் நிக்காது, ரப்பரோட சேர்ந்து பறந்துடும்’ என்று ஒரு டயர் கடைப் பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெயிட் தன் பசையை நம்பி நிற்கிறது. பசை ஒட்டியிருப்பதோ உரிவதற்கென்றே இருக்கும் படலத்தில். நெடுஞ்சாலை வேகத்தில் சக்கரம் சுழலும்போது படலம் கிழிந்து வெயிட் கழன்றால் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும். ஆகவே உட்பக்கத்தில் வெயிட் ஒட்டும் பட்டையை டேப் போட்டு மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். புதிய டயர் போடும் எண்ணம் இருந்தால், டயரை மாற்றிய பிறகு பூச்சு அடியுங்கள். மாற்றும் மெஷினின் கொக்கி ரிம்மின் ஓரத்தைப் பிடிக்கும்போது படலம் கண்டிப்பாக வெட்டுப்படும்.

சூடு தாங்குமா என்று பலர் கேட்கிறார்கள். தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு சுமார் 93 டிகிரி செல்சியஸ். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு ரிம்மின் முகப்பு அந்தச் சூட்டைத் தொடுவதில்லை. ஊருக்குப் போகும்போது தருமபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டலாம். ரிம்முக்கு வந்து சேர்வது அதில் ஒரு பங்குதான், நடுவில் காற்றும் ஓடுகிறது. ஆனாலும் ஹப்பைச் சுற்றிய நடுப்பகுதி நன்றாகவே சுடும். அங்கே படலம் வெந்து இறுகி, பிற்பாடு உரிய அடம்பிடிக்கும். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடிப்பது எப்படியும் நல்ல பழக்கம், பூச்சுக்கும் நல்லது.

பூச்சை அடித்துவிட்டு வைத்துக்கொள்வதில் இரண்டு எச்சரிக்கைகள் போதும். சர்வீஸ் கடையில் வண்டியின் அடிப்பக்கத்துக்கு டீசல் கலந்து அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது சக்கரத்தில் தெறித்தால் படலம் ஊறி வீங்கும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்தது ஆயுத பூஜை. சந்தனமும் குங்குமமும் கழுவினால் போகும். எண்ணெயில் குழைத்த மஞ்சள் மேட் ரப்பருக்குள் இறங்கினால் கறை போகவே போகாது. பூஜையில் சக்கரத்துக்குப் பொட்டு வைப்பதை விட முடியாது, விடவும் வேண்டாம்; டயரின் மேல் வைத்துவிட்டால் போயிற்று.

கல் தெறித்தோ பிளாட்பாரத்தில் உரசியோ ஓரிடம் கிழிந்தால் அப்படியே விடக் கூடாது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து மேலே இரண்டு கோட் அடித்தால் பழையதோடு கலந்துவிடும், ஒட்டுப்போட்டது தெரியாது. சட்டச் சிக்கல் ஏதும் உண்டா என்றால், ஆர்.சி.யில் பதிவாகியிருப்பது பாடியின் நிறம். சக்கரத்தின் நிறம் அதில் இல்லை.

உரிக்கும் காலம் எப்போது? கருப்பு சலித்துப்போகும்போது உரிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வெயில் பட்டுப் பட்டு ரப்பர் தன் இழுவையை இழக்கிறது. நகத்தால் ஓரத்தைத் தூக்கி இழுத்துப் பாருங்கள். நீண்டு கொடுத்தால் இன்னும் உயிர் இருக்கிறது. நீளாமல் பட்டென்று அறுந்தால் நாள் நெருங்கிவிட்டது. அதற்கு மேல் தள்ளிப்போடப் போட வேலை கூடும். முன்சக்கரங்களையே முதலில் சோதியுங்கள், சூட்டை அதிகம் கண்டவை அவைதான்.

உரிப்பதற்கு அவசரம் உதவாது. காலை வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்தால் படலம் இளகிக் கொடுக்கும். ஹேர் டிரையரின் மிதமான சூடும் அதையே செய்யும். தடிமனான இடத்தில், அதாவது முகப்பின் வெளி ஓரத்தில், கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் விளிம்பு சுருண்டு எழும். அந்த விளிம்பை அகலமாகப் பிடித்து, சக்கரத்தை ஒட்டியே சாய்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று நேராக இழுத்தால் அறுந்துவிடும். நன்றாக அடித்த பூச்சு வரும்போது பிரேக் தூளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். அடியில் சக்கரம் புதிதாக மின்னும். அதைப் பார்க்கும் சந்தோஷமே தனி. மூலைகளில் பிடிகொடுக்காததை பிரஷர் வாஷர் தூக்கிவிடும். கத்தியோ கம்பி பிரஷ்ஷோ கிட்டே வரக் கூடாது, லேக்கரில் விழும் கீறல் பூச்சைவிட நீண்ட நாள் இருக்கும்.

ஏற்கெனவே மெல்லிசாக அடித்துவிட்டார்கள், துணுக்காகத்தான் வருகிறது, என்ன செய்வது? இங்கேதான் உலர்கிற பூச்சு என்ற குணம் கைகொடுக்கிறது. சுரண்டுவதை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கழுவிக் காயவைத்து, அதன் மேலேயே இரண்டு மூன்று ஈரக் கோட் தாராளமாக அடியுங்கள். புதியது பழையதை இளக்கி ஒன்றாகிவிடும், தடிமன் ஏறிவிடும். ஒரு நாள் விட்டு உரித்தால் பெரும்பகுதி தோலாக வரும். எடுப்பதற்காக இன்னும் அடிப்பதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. நாள் முழுக்க நகத்தால் சுரண்டுவதைவிட ஒரு கேனின் விலை குறைவுதான். மிகவும் பழசாகி நொறுங்கும் பூச்சுக்கு இது முழுப் பலன் தராது; அதற்கும் பாதிக்கு மேல் வேலையைக் குறைக்கும்.

கடைசியாக நிற்கும் தூசிப்படலத்துக்கு டபிள்யூ.டி.-40 போதும். அடித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் தேய்த்தால் கருப்பு துணிக்கு வந்துவிடும். பெட்ரோலும் கரைக்கும் என்பதால் அதை எடுக்கக் கை போகும். தீ ஆபத்தும் டயருக்கு ஏற்படும் கேடும் அதில் கூடவே வருகின்றன, வேண்டாம். தின்னர் அறவே கூடாது. கம்பெனி லேக்கர் ஒருவேளை தாங்கினாலும், பிறகு யாராவது டச்-அப் செய்த இடம் தாங்காது. எண்ணெய்ப் பசை போகச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, லேக்கரில் புதிதாக வெள்ளைக் கோடோ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த பூச்சு அதற்கு மருந்தாகாது, ரிப்பேருக்குக் கொண்டுபோக வேண்டும். சுத்தமாக இருந்தால் மறுபடியும் அடிக்கலாம், வேறு நிறத்திலும் அடிக்கலாம்.

உரித்த ரப்பரை எரிக்காதீர்கள், நச்சுப் புகை வரும். உலர் குப்பையில் போடலாம். காலியான கேனில் வாயு மிச்சமிருக்கும் என்பதால் அதைக் குத்தவோ சூட்டில் வைக்கவோ கூடாது. அபாயக் குப்பை எடுக்கும் நாளில் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.